படுக்கையறை ஸ்டுடியோ: சுவர் முழுக்க ஃபோம் ஒட்டுவதற்கு முன்னால்

நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கிற நல்ல இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாம் வந்தாகிவிட்டது. ஆனால் பாடிப் பதிவு செய்து கேட்டால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, அறையில் கும்மென்று ஒலித்த மிக்ஸைக் காரில் போட்டால் பேஸே, அதாவது கனத்த கீழ் ஒலியே, காணோம். இதற்காக மைக்கை மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் குறை மைக்கில் இல்லை, நாலு சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. இது புரிந்தவுடன் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், ஒரு அங்குலக் கனமுள்ள ஃபோம் சதுரங்களை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த உழைப்பை அப்படியே வேறு இடத்தில், வேறு கனத்தில் போட்டால் காது நம்பக்கூடிய ஒரு அறை கிடைக்கும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுப்பது வேறு, அறைக்குள் ஒலி நன்றாகக் கேட்கும்படி செய்வது வேறு. தடுக்க எடை வேண்டும், காற்றுப் புகாத மூடல் வேண்டும், ஒரு சுவரின் அதிர்வு அடுத்ததற்குப் போகாதபடி பிரிக்க வேண்டும். அது கட்டட வேலை. பஞ்சும் ஃபோமும் காற்று ஊடுருவிப் போகும் பொருட்கள், அவற்றை எத்தனை அடுக்கு ஒட்டினாலும் சத்தம் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. அதனால் படுக்கையறையில் நம்மால் எளிதாகச் செய்ய முடிந்தது கதவுக்கடியிலும் ஜன்னல் ஓரங்களிலும் இருக்கும் இடுக்குகளை ரப்பர் பட்டை போட்டு அடைப்பது. அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். இனி வருவதெல்லாம் அறைக்குள்ளே இருக்கும் ஒலியைப் பற்றியது.

மெல்லிய ஃபோம் ஏன் உதவாது

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர், 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 மீட்டர், 50 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 7 மீட்டர். கடைசியில் சொன்னது பெரும்பாலான படுக்கையறைகளை விடவே நீளம்.

பஞ்சு போன்ற பொருள் ஒலியை உறிஞ்சுவது உராய்வினால். இழைகளுக்கு நடுவே காற்று முன்னும் பின்னும் ஓடும்போது உராய்ந்து, ஒலியின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிவிடுகிறது. காற்று ஓடினால்தான் உராய்வு. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுக்கு நகர வழியில்லை, அங்கே அழுத்தம் மட்டும்தான் ஏறி இறங்கும். சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி வந்தால்தான் காற்று அதிகபட்ச வேகத்தில் அசையும். 100 ஹெர்ட்ஸுக்கு அந்த இடம் சுவரிலிருந்து 86 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இப்போது இரண்டரை சென்டிமீட்டர் ஃபோமைச் சுவரோடு ஒட்டி வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உச்ச அதிர்வெண்களுக்கு அது சரியாக வேலை செய்யும், பேஸுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

விளைவு என்னவென்றால், டிரெபிள், அதாவது மேல் ஒலி, செத்துப்போகிறது, குரலின் மெல்லிய மூச்சொலியும் ‘ஸ’, ‘ச’ ஒலிகளின் கூர்மையும் போய்விடுகின்றன, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற கும்மல் அப்படியே நிற்கிறது. முன்பாவது எல்லா அதிர்வெண்ணும் ஒரே மாதிரி எதிரொலித்தது, இப்போது கீழ் அதிர்வெண்கள் மட்டும் எதிரொலிக்கின்றன. முட்டை அட்டை இதைவிட மோசம், தெர்மாகோல் கிட்டத்தட்ட ஒன்றுமே உறிஞ்சாது.

தீயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையில் விட்ட வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். அந்த ஃபோம் அங்கே வந்ததே சத்தத்தைக் குறைப்பதற்காகத்தான். பேக்கிங்கில் வரும் ஃபோமையோ பழைய மெத்தையின் ஃபோமையோ அறுத்து, ஆம்ப்ளிஃபயரும் ஒயர்களும் இருக்கிற, இரவில் நீங்கள் தூங்கவும் செய்கிற அறையின் சுவரில் ஒட்டாதீர்கள். ராக்வூலும் ஃபைபர்கிளாஸும் கல்லும் கண்ணாடியும் உருகி இழையானவை, அவை தீயை வளர்க்காது.

முதலில் மேசையை நகர்த்துங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, பலன் உடனே காதில் தெரியும்.

3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் என்று ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானாகவே கூடச் சேர்ந்து ஒலிக்கும். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும்: இந்த அறைக்கு 48, 57, 64 ஹெர்ட்ஸ், அப்புறம் அவற்றின் மடங்குகள். ரூம் மோட் என்பது இதுதான். பேஸ் கிதாரின் திறந்த ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ், ‘ஜி’ தந்தி 98 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அவை இரண்டும் ரூம் மோட்களுக்குப் பக்கத்தில் விழுகின்றன. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த ஸ்வரங்கள் வீங்கும், அல்லது வாசித்தவரே வாசிக்காத மாதிரி காணாமல் போகும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் மூன்று மோட்களும் ஒரே அதிர்வெண்ணில் குவிந்துவிடும். அதனால்தான் கனசதுர அறை ஆக மோசமானது. வேறு அறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர்கள் அறையின் நீளவாக்கில் ஒலிக்கட்டும், அதாவது குறுகிய சுவரைப் பார்த்து நீங்கள் உட்கார வேண்டும். இடது வலது தூரங்கள் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த இடம் என்று இருந்தால் நடுவில் கேட்க வேண்டிய குரல் ஒரு பக்கமாக இழுக்கும். அறையின் சரியான நடுவில் உட்காராதீர்கள், முதல் மோட் அங்கே செத்துக் கிடக்கும். பின்சுவரில் முதுகு உரசுகிற மாதிரியும் வேண்டாம், அங்கே எல்லா பேஸும் வீங்கும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் தள்ளி என்பது ஆரம்பத்துக்கு நல்ல இடம். நம் உதாரண அறையில் அது 1.37 மீட்டர். அங்கிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும், மேல் ஒலியைத் தருகிற சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும்.

ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் இருக்கிற சுவருக்கும் உள்ள தூரமும் முக்கியம். பேஸ் எல்லாத் திசையிலும் பரவும். பின்சென்று சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை நேர் அலையோடு எதிர்மாறாகச் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணை அழித்துவிடும். ஸ்பீக்கரின் முகப்பிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால் அழிவது 86 ஹெர்ட்ஸ், கிக் டிரம்மின் உயிர் இருக்கிற இடம். 60 சென்டிமீட்டர் என்றால் 143. சின்ன அறையில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நிறையத் தள்ளி வைக்க முடியாது, ஆகவே என் சிபாரிசு நேர் எதிர்: சுவருக்கு முடிந்தவரை கிட்டே வைத்து, நடுவில் ஒலி உறிஞ்சும் ஒரு தடித்த பேனலை (செய்முறை கீழே) நிறுத்துங்கள். முகப்பு 30 சென்டிமீட்டரில் இருந்தால் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதைச் சமாளிக்கப் பேனலால் முடியும். கிட்டே வைப்பதால் பேஸ் கொஞ்சம் கூடும்; ஸ்பீக்கரின் பின்னால் அதற்கென்று ஒரு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும், அதைக் குறைத்துவிடுங்கள்.

பேனல் செய்வது

ஸ்டுடியோக்களில் காண்கிற துணி போர்த்திய பலகையின் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மரச்சட்டம், அதற்குள் ராக்வூல் அல்லது கெட்டி ஃபைபர்கிளாஸ், மேலே துணி. 60 சென்டிமீட்டர் அகலம், 120 நீளம், 10 கனம். இந்த அளவை வைத்துக்கொண்டு அறை முழுவதையும் முடித்துவிடலாம். அடர்த்தி கனமீட்டருக்கு 48 முதல் 64 கிலோ வரை இருப்பது போதும். அதிக அடர்த்தி என்றால் அதிகம் உறிஞ்சும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. காற்று உள்ளே போக வேண்டும். மிகக் கெட்டியான பலகையில் அலை உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். கனம் கூடக் கூட, 20, 30 சென்டிமீட்டர் என்று போகும்போது இன்னும் இலேசான பஞ்சுதான் நன்றாக வேலை செய்யும்.

நான்கு பட்டிகளைத் திருகி ஒரு செவ்வகச் சட்டம் செய்யுங்கள். பட்டியின் அகலம் பஞ்சின் கனத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக இருந்தால் துணி பஞ்சில் உரசாது. பின்பக்கத்தைப் பிளைவுட் போட்டு மூட வேண்டாம், பின்னாலிருந்தும் ஒலி நுழையட்டும். பஞ்சு சரியாமலிருக்கக் குறுக்கே ஒன்றிரண்டு பட்டியோ கயிறோ போதும். துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: வாயில் வைத்து ஊதுங்கள், மறுபக்கம் கையில் காற்று தாராளமாகப் பட்டால் அது ஆகும். ரெக்சினும் தடித்த பிளாஸ்டிக் பூச்சுள்ள திரைத்துணியும் ஆகாது. துணியை ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் ஸ்டேப்பிள் அடித்து, எதிர்ப்பக்கத்தின் நடுவை இழுத்து அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போனால் சுருக்கம் விழாது.

ராக்வூலைக் கையாளும்போது கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்95 முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் வெளியில் வைத்து அறுங்கள். இழைகள் தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். படுக்கிற அறை என்பதால், துணிக்கு உள்ளே இன்னொரு மெல்லிய நெய்யாத துணியையும் சுற்றிவிட்டால் தூசு உதிராது.

சுவரில் மாட்டும்போது பின்னால் 5 முதல் 10 சென்டிமீட்டர் காற்றிடைவெளி விடுங்கள். மேலே சொன்ன கால் அலைநீளக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது: பஞ்சு சுவரிலிருந்து தள்ளி வரவர, காற்று அசைகிற இடத்துக்கு அது வருகிறது. 10 சென்டிமீட்டர் பேனலுக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், இருபது சென்டிமீட்டர் பேனலுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய பலன் கிடைக்கும், அதில் பாதிப் பஞ்சு மிச்சம்.

எங்கே முதலில்

மூலைகளில். எல்லா ரூம் மோட்களுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருப்பது மூலையில், அதனால் பேஸைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. பேனலை மூலையில் குறுக்காக நிறுத்தினால் நடுவில் அதன் பின்னால் 30 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கிறது, பஞ்சும் சுவரைவிட்டுத் தள்ளி, காற்று அசைகிற இடத்தை நோக்கி வந்துவிடுகிறது. அந்த முக்கோண இடத்தை இலேசான பஞ்சால் நிரப்பினால் இன்னும் நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் தரையிலிருந்து 2.4 மீட்டர் வரை வந்துவிடும். நாலு மூலைக்கும் எட்டு. கதவோ அலமாரியோ ஒரு மூலையை அடைத்துக்கொண்டால், சுவரும் கூரையும் சேருகிற விளிம்பும் மூலைதான், அங்கே சாய்த்து மாட்டலாம். ஒரு அறைக்கு மொத்தம் பன்னிரண்டு விளிம்புகள் இருக்கின்றன. எட்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை என்றால் இருப்பதையெல்லாம் மூலையில் வையுங்கள், பக்கச்சுவர் காத்திருக்கட்டும்.

அடுத்து முதல் எதிரொலிப்பு. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிப் பக்கச்சுவரில் ஒரே ஒரு தடவை பட்டு உங்கள் காதுக்கு வரும் ஒலி, நேராக வந்த ஒலியை விடச் சில மில்லிவினாடி தாமதமாக வந்து அதோடு கலக்கும். 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் தாமதம் 1 மில்லிவினாடி. அப்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், குரலின் சொல் தெளிவு இருக்கிற இடமெல்லாம் அடிபடும். அந்தச் சுவர்ப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள், இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிக் காது உயரத்தில் மெல்ல நகர்த்தட்டும், எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு சுவரிலும் இரண்டு ஸ்பீக்கரும் ஆளுக்கொரு புள்ளி தரும். இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவு என்றால் ஒரே பேனலைப் படுக்கைவாட்டில் மாட்டி இரண்டையும் மூடிவிடலாம்.

கூரைக்கும் இதே கணக்கு. தலைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மேலே ஒன்றிரண்டு பேனலைத் தொங்கவிடுவதைக் கிளவுட் என்பார்கள், என்னைக் கேட்டால் பக்கச்சுவர் அளவுக்கு அது முக்கியம், ஆனால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தலைக்கு மேல் தொங்குகிற பொருள் என்பதால் கான்கிரீட்டில் துளைபோட்டு ஆங்கர் போல்ட் அடித்து, நாலு புள்ளியில் கம்பியால் தொங்கவிடுங்கள். பசையும் ஜிப்சம் பலகையில் அடித்த திருகும் இதற்கு ஆகாது. மேசையும் ஒரு எதிரொலிக்கும் பரப்புதான், அதைப் பஞ்சால் மூட முடியாது, ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் பின்னால் தள்ளி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

பின்சுவர் கடைசி. சின்ன அறையில் அது தலைக்கு ரொம்பக் கிட்டே இருக்கும், ஆகவே அங்கே முடிந்தவரை கனமாக வையுங்கள். புத்தக அலமாரி ஒலியைச் சிதறடிக்கும் என்று சொல்வது உண்மைதான், புத்தகங்கள் முன்னும் பின்னுமாக இருந்தால் கொஞ்சம் நடக்கும், ஆனால் அது பேஸுக்கு உதவாது.

எத்தனை பேனல்

1895-ல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், புதிதாகக் கட்டிய ஃபாக் விரிவுரை அறையைச் சரி செய்யச் சொன்னார்கள். அங்கே பேசினால் ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆனது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, ஒன்றொன்றாக அடுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கொள்ளளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம்.

நம் அறை 29 கனமீட்டர். குரல் பதிவுக்கும் மிக்ஸுக்கும் 0.3 நொடி நல்ல இலக்கு, அதற்குச் சுமார் 15.6 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். மெத்தை, துணிகள், திரை, நீங்கள் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும்; படுக்கையறையில் ஸ்டுடியோ வைப்பதில் இருக்கிற அசல் நன்மை இது, கட்டிலை வெளியே தூக்கிப் போடாதீர்கள். மீதிக்கு, 0.72 சதுர மீட்டர் பேனல் பத்திலிருந்து பதினைந்து வேண்டியிருக்கும். மூலைக்கு எட்டு, பக்கத்துக்கு இரண்டு, கூரைக்கு இரண்டு, பின்னாலும் ஸ்பீக்கருக்குப் பின்னாலும் மீதி என்று போட்டால் எண்ணிக்கை கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். சூத்திரம் சின்ன அறையின் பேஸுக்குச் சரியாகப் பொருந்தாது, நடு அதிர்வெண்ணுக்கும் மேலே இருப்பதற்கும் வழிகாட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடுகிற இடம்

கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தில் ஆகக் குறைவாகக் கேட்கும், முன்பக்கம் முழுக்கக் கேட்கும். மைக் பார்ப்பது பாடுபவரின் முகத்தையும் அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரையும்தான். அப்படியிருக்க மைக்குக்குப் பின்னால் வளைந்த கவசம் வைப்பதில் பாதிப் பலன்தான். பேனல் நிற்க வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டு பேனலை நிறுத்தி வி வடிவத்தில் அவரைச் சுற்றி வையுங்கள். பேனல் இன்னும் வரவில்லை என்றால், துணி நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடச் சொல்லுங்கள், வித்தியாசம் முதல் வரியிலேயே கேட்கும். வாயிலிருந்து மைக் 15 முதல் 20 சென்டிமீட்டர். தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் ஒலி அப்படியே இருக்கும். மூலைக்குள் நின்று பாட வேண்டாம், நடு அறையிலும் வேண்டாம், இரண்டுக்கும் இடையில் எங்காவது.

அளந்து பார்ப்பது

ரூம் இக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால், தலை இருக்கிற இடத்தில் மைக்கை வைத்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப், அதாவது கீழிருந்து மேலே ஏறிப்போகிற ஒலி, ஓட்டுங்கள். வரைபடத்தின் மேடுபள்ளங்களை வழவழப்பாக்கிக் காட்டும் ஸ்மூத்திங்கை எடுத்துவிட்டு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பாருங்கள். ஒன்றும் செய்யாத சின்ன அறையில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 20 டெசிபெல் வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும். ஒவ்வொரு அதிர்வெண்ணும் அடங்குகிற நேரத்தைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் எந்த அதிர்வெண் அடங்காமல் நீண்டுகொண்டே போகிறது என்று பாருங்கள், பேஸ் டிராப், அதாவது மூலையில் வைத்த பேனல், வேலை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும். மைக் இல்லை என்றால் 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அரை ஸ்வரமாக ஒரே அளவில் சைன் ஒலியை ஓடவிட்டு, எது பெரிதாகக் கேட்கிறது எது மறைகிறது என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேனலும் ஏறும்போது திரும்பச் செய்யுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மேடு மிச்சமிருந்தால் மட்டும் அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இக்யூவைத் தொடுங்கள், மேட்டை இரண்டு மூன்று டெசிபெல் இறக்கலாம். பள்ளத்தை ஏற்றப் பார்க்காதீர்கள்: நேர் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் வந்த பள்ளம் அது, இக்யூவில் ஏற்றினால் இரண்டு அலையும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அங்கேயே இருக்கும், ஸ்பீக்கர்தான் திணறும். அங்கே நாற்காலியைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தி இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.